பெப்பித்தோ இன்னும் தயாராகவில்லை

கொன்செப்சியோன்,
பிப்ரவரி 19, வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய அண்ணன் எரிபெர்த்தோ ஒவெலார் அவர்களுக்கு,

தம்பி கிறிஸ்பின் வணக்கத்துடன் எழுதுவது. கடவுள் அருளால் இங்கே நானும் எமரென்சியானாவும் நலம். முற்றத்து மாமரம் நலம். நாய் போன வருடம் செத்துப்போயிற்று. அங்கே நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் நலமா என்று கேட்பது கடிதம் எழுதும் முறை என்பதால் கேட்கிறேன். பதில் எழுதியே தீரவேண்டும் என்ற கட்டாயம் ஒன்றும் இல்லை. பதினொரு வருடம் கழித்துத் தம்பி எழுதுகிறானே, பாசம் பொங்கிவிட்டது போலிருக்கிறது என்று அண்ணியிடம் சொல்லிக் கொண்டாடிவிடாதீர்கள். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி இதை எனக்கு வீட்டுப்பாடமாகக் கொடுத்திருக்கிறாள். முப்பத்து நான்கு வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவனுக்கு வீட்டுப்பாடம்! இந்த அநியாயத்தை இங்கே யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். நீங்கள் ஆற்றின் கீழ்க்கோடியில் பிலாரில் இருக்கிறீர்கள். சிரித்தாலும் எனக்குக் கேட்காது.

நடந்தது இதுதான். எங்கள் பங்குக் கோவிலில் மார்ச் மாதம், முதல்முறை நற்கருணை வாங்கப்போகும் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி தொடங்குகிறது. சொல்லிக்கொடுக்க ஆள் போதவில்லை என்று, உயர்நிலைப் பள்ளிக் கடைசி வகுப்பு மாணவர்கள் ஒன்பது பேர் தாங்களாகவே முன்வந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் சிஸ்டர் வெனான்சியா. பாடம் நடத்திப் பழகவேண்டுமானால் எதிரே பிள்ளைகள் உட்காரவேண்டும் அல்லவா? இந்த பிப்ரவரி வெயிலில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஆற்றிலே கிடக்கின்றன. ஆகவே சிஸ்டர் வீடு வீடாக வந்து, வேலை வெட்டி இல்லாத பெரியவர்களைப் பிடிக்க ஆரம்பித்தார். “ரெண்டு வாரம் எட்டு வயசுப் பிள்ளையா வந்து உக்காந்தா போதும், தோன் கிறிஸ்பின்” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் எமரென்சியானா முந்திக்கொண்டு, “அதுக்கென்ன சிஸ்டர், வீட்லயும் தினம் அப்படித்தான் உக்காந்திருக்காரு” என்று சொல்லி, என்னை அனுப்பியே வைத்துவிட்டாள்.

முதல் நாளே அவமானம். ஆளுக்கொரு அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். என்னுடையதில் ‘பெப்பித்தோ, வயது 8’ என்று இருந்தது. போகட்டும் என்று விட்டேன். திருப்பிப் பார்த்தால், ‘மெதுவாகப் புரிந்துகொள்பவன், பொறுமை தேவை’! எனக்கா? பழைய நீதிமன்ற எழுத்தர் தோன் வென்செஸ்லாவோவுக்கு ‘குறும்புக்காரன்’ என்று கொடுத்தார்கள். அறுபத்தொன்பது வயது மனிதர், என் இரண்டு காலணிக் கயிறுகளையும் பெஞ்சுக் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டார், எழுந்து செபம் சொல்லும்போது நான் பெஞ்சோடு விழுந்தேன். ரொட்டிக்கடை ஞா தெயோஸ்னில்தாவுக்கு ‘எளிதில் அழுவாள்’. அந்த அம்மாள் உலகம் படைக்கப்பட்ட கதைக்கே அழ ஆரம்பித்துவிட்டாள், அதுவும் முதல் நாளிலேயே, இன்னும் மீனும் பறவையும்கூட வரவில்லை.

இதற்கு நடுவில் தெர்லிஸ் என்ற மாணவன் மூவொரு கடவுளை விளக்க எழுந்தான். கையில் தெரெரே குடிக்கும் குவளை. “பாருங்க பசங்களா, குவளை ஒண்ணு, உறிஞ்சற குழல் ஒண்ணு, இலை ஒண்ணு. மூணு இருக்கு, ஆனா தெரெரே ஒண்ணுதான்” என்றான். நான் ஒழுங்காகக் கையைத் தூக்கித்தான் கேட்டேன்: “அப்போ தண்ணி?”

“என்ன தண்ணி?”

“ஐஸ் தண்ணி ஊத்தாம எப்படிடா குடிப்பே? தண்ணியோட சேர்த்தா நாலாச்சே?”

அவன் சிஸ்டரைப் பார்த்தான். சிஸ்டர் மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில், “பெப்பித்தோ, நீ வெளிய போயி கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வா” என்று என்னை அனுப்பிவிட்டான். கேள்வி கேட்டவனுக்கு இந்த நாட்டில் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன் அண்ணா. நான்காம் நாள் நின்ஃபா வந்தாள். அந்த ஒன்பது மாணவரில் ஒருத்தி, ஒல்லியாக, கண்ணாடி போட்ட பெண். பேச்சு மட்டும் டிக்கெட் பரிசோதகர் மாதிரி. குருவிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் பிள்ளைகளைத் தயாரிப்பது அவள் பாடம். எல்லோரும் பரலோக மந்திரம் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, பெஞ்சுகளுக்கு நடுவே காதைக் கொடுத்துக்கொண்டே நடந்தாள். என் அருகில் வந்ததும் நின்றுவிட்டாள்.

“பெப்பித்தோ, நடுவுல ஒரு வரிய முழுங்கிட்டே.”

“முழுங்கலையே.”

“மறுபடி சொல்லு.”

சொன்னேன். “மறுபடியும் முழுங்கிட்டே” என்றாள். மூன்றாவது தடவையும் அப்படியே ஆயிற்று. எனக்குத் தீமை செய்தவர்களை நான் மன்னிப்பதாக வருமே, அந்த வரிதான். பதினொரு வருடமாக நான் அதைச் சொல்வதில்லை. மூன்று பங்குத்தந்தைகள் மாறிவிட்டார்கள், பூசையில் பக்கத்தில் நிற்கும் எமரென்சியானாவே கவனித்ததில்லை. இந்தப் பொடிசு நான்கு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டது. நான் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அத்தோடு விட்டார்களா? முதல் வாரக் கடைசியில் மாணவர்கள் ஒவ்வொரு ‘பிள்ளை’யைப் பற்றியும் அறிக்கை எழுதினார்கள். பங்கு அலுவலகச் செயலாளர் அதை உண்மை அறிக்கை என்று நினைத்து, பெப்பித்தோ போன்ற அட்டைப் பெயர்களை அடித்துவிட்டு எங்கள் சொந்தப் பெயர்களைப் போட்டுத் தட்டச்சு செய்து, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்னால் கோவில் கதவிலேயே ஒட்டிவிட்டார். ‘கிறிஸ்பின் ஒவெலார். கேள்வி கேட்பதில் ஆர்வம் உண்டு. புதுநன்மைக்கு இன்னும் தயாராகவில்லை. பெற்றோரை வரவழைத்துப் பேசவேண்டும்.’ நான் போய்க் கிழிப்பதற்குள் பாதி ஊர் படித்துவிட்டது. சிப்பா ரொட்டி விற்கிற பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு, “என்ன தோன் கிறிஸ்பின், அம்மாவக் கூட்டிட்டு வரலையா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் வெளியூர்க்காரி, அம்மா விஷயம் அவளுக்குத் தெரியாது.

கிழித்த காகிதத்தோடு நேரே நின்ஃபா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். “எட்டு வயசுல வெள்ளைச் சட்டை போட்டுப் புதுநன்மை வாங்கினவன் நான்! உங்க அப்பன் பொறக்கறதுக்கு முன்னாடி!” என்று கத்தினேன்.

“அது உங்களுக்கு எழுதினது இல்ல ஐயா. பெப்பித்தோவுக்கு எழுதினது.”

“பெப்பித்தோ என்ன பண்ணினான்? அந்த வரியச் சொல்லாதது நான்தானே!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. “யார் மேல கோவம்?” என்று மட்டும் கேட்டாள். சொல்லிவிட்டேன் அண்ணா. அம்மா செத்த அன்று பெத்ரோ ஹுவான் ஊரிலிருந்து இரவல் வண்டியில் நான் இங்கே வந்ததை, இபியாவு சந்திப்பில் டயர் வெடித்ததை, நாலு மணிக்கு அடக்கம் என்று வைத்திருந்த நீங்கள் ஒரு மணி நேரம் எனக்காகக் காத்திராததை, நான் கல்லறைக்குள் ஓடி வந்தபோது மண் மூடியிருந்ததை, குழாயடியில் கை கழுவிக்கொண்டே நீங்கள் “வந்துட்டியா” என்று கேட்டதை. ‘வந்துட்டியா’வாம்! ஊருக்கு விருந்துக்கு வந்தவனைக் கேட்பது போல! அன்றைக்கு நான் உங்களை என்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அதற்காக வருத்தப்படவும் இல்லை.

அந்தப் பெண் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லவேண்டுமே? “ஏன் காத்திருக்கலன்னு அவர்கிட்டக் கேட்டீங்களா?” என்றாள். எதற்குக் கேட்கவேண்டும் என்றேன். “கேக்காமலே பதினோரு வருஷமா? அடுத்த வகுப்புக்குள்ள எழுதிக் கேட்டுட்டு வாங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டாள்.

ஆகவே கேட்கிறேன். பெற்ற தாய்க்குப் பிடி மண் போட ஒருவன் ஓடிவருகிறான், ஒரு மணி நேரம் பொறுக்க முடியாதா உங்களுக்கு? கேட்டுவிட்டேன். வீட்டுப்பாடம் முடிந்தது. உங்கள் மேல் எனக்குள்ள கோபம் அப்படியே இருக்கிறது, அந்தப் பயிற்சிக் கூடத்து வாசலையும் நான் இனி மிதிப்பதாக இல்லை.

அண்ணிக்கு என் பணிவான வணக்கம். உங்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நூறு வயதும் நல்ல பல்லும் கிடைக்க என் ஆசிகள். உங்களுக்கு இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
அநியாயத்துக்கு உள்ளான தம்பி,
கிறிஸ்பின்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதை நின்ஃபாவிடம் காட்டினேன். மூன்று எழுத்துப்பிழைகளைத் திருத்தினாள். பிறகு, “டயர் வெடிச்சா மாத்த எவ்வளவு நேரம் ஆகும் ஐயா?” என்று கேட்டாள். முப்பத்து நான்கு வருடம் வண்டி ஓட்டியவனிடம் அப்படிக் கேட்டால் வாய் தானாகவே பதில் சொல்லிவிடுகிறது. இருபது நிமிடம் என்றேன். அவள் காகிதத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

அண்ணா, டயர் வெடிக்கவில்லை. இபியாவு சந்திப்பில் வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை அணைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அம்மாவைப் பெட்டிக்குள் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எல்லாம் முடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகுதான் சாவியைத் திருப்பினேன். இதை எமரென்சியானாவுக்கும் சொன்னதில்லை. நீங்கள் எனக்காகக் காத்திருந்தீர்களா, எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள் என்று இன்றுவரை நான் கேட்டதே இல்லை.

பதிலை எழுதி அனுப்பவேண்டாம். அடுத்த வாரம் சனிக்கிழமைக் காலை பஸ்ஸில் வருகிறேன். ஓட்டுவது வேறு ஆள். வழியில் எங்கேயும் நிறுத்தச் சொல்லமாட்டேன்.