தேங்காய் துருவாத வீரன்

சத்தியம்! எங்கள் ரோவத்தான் தீவைச் சுற்றிக் கிடக்கிற கரீபியக் கடலின் அத்தனை உப்புத் தண்ணீர் மேலும் சத்தியம்! நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும், என் வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லையும் பிடுங்கிக்கொள்ளுங்கள். மூன்றுதான் இருக்கிறது என்று என் மனைவி கசில்தா சொல்வாள். அவள் கணக்கை நம்பாதீர்கள்.

நான் எவரிஸ்தோ. வெள்ளைக்காரர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்ச் சுறா காட்டுகிறவன். சுறா என்றதும் உங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறதா? கலக்கட்டும். அந்தக் கலக்கத்தில்தான் என் பிழைப்பு ஓடுகிறது. உள்ளதைச் சொன்னால், எங்கள் தெற்குக் கரைச் சுறாக்களைப் போல வெட்கங்கெட்ட பிராணியை நான் பார்த்ததில்லை. விருந்து வீட்டு வாசலில் எலும்புக்குக் காத்திருக்கிற நாய்க்குக்கூட இவற்றைவிட ரோஷம் அதிகம்.

கெடுத்தது நாங்கள்தான். சில வருஷங்களுக்கு முன் சிங்கமீன் என்றொரு சனியன் எங்கிருந்தோ எங்கள் கடலுக்குள் வந்து சேர்ந்தது. உடம்பெல்லாம் விஷமுள், வயிறெல்லாம் பசி. குஞ்சு மீன்களைத் தின்று தீர்த்தது. அதைத் தின்ன இங்கே ஆளில்லை. எங்கள் முக்குளிக்கும் மேதாவிகள் கூடி யோசித்தார்கள். சிங்கமீனை ஈட்டியால் குத்திச் சுறாவுக்கு ஊட்டிப் பழக்கினால், ருசி கண்ட சுறா தானே வேட்டையாடிக்கொள்ளும் அல்லவா? ஊட்டினோம். ருசி கண்டது. ஆனால் வேட்டையாடவில்லை. ஈட்டி வைத்திருக்கிறவன் பின்னால் வாலாட்டிக்கொண்டு வரக் கற்றுக்கொண்டது. வேட்டை சொல்லிக்கொடுக்கப் போய்ப் பிச்சை சொல்லிக்கொடுத்துவிட்டோம்!

மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் அதையே தொழிலாக்கினேன். முள்ளைக் கிள்ளிய சிங்கமீன் துண்டுகளை என் மிதவைச் சட்டையின் இடுப்புப் பையில் ஒளித்துவைப்பேன். கீழே போனதும் ஈட்டியால் முதுகிலிருக்கும் காற்றுச் சிலிண்டரை டிங் டிங் என்று தட்டுவேன். சுறாக்கள் வரும். பின்னாலேயே, நாங்கள் ‘மேயர்’ என்று கூப்பிடும் தொந்தி பெருத்த களவா மீன் வரும். பாறையிடுக்கிலிருந்து பச்சை விலாங்கு எட்டிப்பார்க்கும். வெள்ளைக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொள்வார்கள். நான் நடுவில் நின்று ஒரு கையால் முஷ்டியை ஓங்குவேன். இன்னொரு கையால் முதுகுக்குப் பின்னே துண்டுகளைத் தள்ளுவேன். தின்றுவிட்டு அவை போய்விடும். எவரிஸ்தோ முறைத்தார், சுறா ஓடியது! மேலே வந்தால் பீரும் முத்தமும்.

பீருக்காகவா இந்த வீரம்? இல்லை ஐயா, ஞாயிற்றுக்கிழமைக்காக. எங்கள் வீட்டில் ஞாயிறென்றால் தேங்காய் ரொட்டி. கசில்தா சுட்டு அடுக்கி, பூசை முடிந்து வருகிற கூட்டத்துக்கு விற்பாள். அதற்கு மலைபோலக் குவிந்த தேங்காயைத் துருவியாக வேண்டும். அது புருஷன் பொறுப்பு. நானோ ஞாயிறு தவறாமல் சுறாவோடு சாகப் போய்விடுவேன். திரும்பி வந்தால் கை நடுங்கும். நடுங்குகிற கையில் யார் துருவியைக் கொடுப்பார்கள்?

ஒரு சனிக்கிழமை, வாழைக்காயை உரலில் இடித்துக்கொண்டே கசில்தா சொன்னாள்:

“யோவ், நாளைக்கு நானும் வரேன்.”

“எங்கடி?”

“கடலுக்குள்ள. உன் சுறாவைப் பார்க்க.”

“அடியே, குளிக்கவே கழுத்தளவு தண்ணிக்கு மேல போகமாட்ட. உனக்கு முங்கத் தெரியுமா?”

“தெரு முனையில முக்குளிக்கக் கத்துக்குடுக்குதே ஒரு பொண்ணு, அதுக்கு ரொட்டி குடுத்துக் கத்துக்கிட்டேன். நீ மத்தியானம் குறட்டை விடுற நேரமே எனக்குத் தாராளம்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சுறா கடித்தது என்று வெள்ளைக்காரர்களுக்கு நான் காட்டுகிற முழங்கைத் தழும்பை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். “சுறாடி அது! இதைப் பாரு!”

“இது என் தேங்காய்த் துருவி கடிச்சது. மருந்து போட்டவகிட்டயே காட்டுறியே.”

“மெதுவாப் பேசு. வெள்ளைக்காரங்க காதுல விழுந்துடப்போகுது.”

“சரி, பந்தயம் கட்டுவோமா? சுறாவைப் பார்த்து நான் மேல ஓடினா, நீ சாகுற வரைக்கும் தேங்காயைத் தொட வேணாம்.”

என் காதில் தேன் பாய்ந்தது. “இன்னொரு தடவை சொல்லு.”

“சொல்றேன், முழுசாக் கேளு. நீ ஓடினா, சாகுற வரைக்கும் ஞாயித்துக்கிழமை துருவியை விட்டு எந்திரிக்கக் கூடாது.”

“நானா ஓடுறது? என் சுறாகிட்ட இருந்தா? சம்மதம்டி!”

அன்று சாயங்காலமே என் மூளை வேலை செய்தது. மீன் யாரிடம் இருக்கிறதோ அவர் பின்னால்தானே சுறா போகும்? பையிலிருந்த துண்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்து ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் போட்டேன். மூடியில் ஓட்டைகள் போட்டேன், வாசனை போகவேண்டுமே. வாளியை அவள் இடுப்பில் மாட்டிவிட்டால் தீர்ந்தது கதை. கடிக்காது, எனக்குத் தெரியும். மூக்கால் முட்டும். கசில்தாவுக்கு அது போதும். இந்த மகா தந்திரத்தை மெச்சி, நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் படகில் வெள்ளைக்காரர்கள் ஒரு கூட்டம், கசில்தா, நான். படகோட்டி உல்பியானோ என் காதருகே குனிந்தான்.

“அண்ணே, அண்ணிக்குச் சுறாவைக் காட்டப் போறீங்களா, சுறாவுக்கு அண்ணியைக் காட்டப் போறீங்களா?”

“வாயை மூடிட்டு இன்ஜினைப் பாருடா.”

“இல்லண்ணே, சுறா பாவம்னு கேட்டேன்.”

நான் வாளியை எடுத்துக் கசில்தாவிடம் நீட்டினேன். “இதை இடுப்புல மாட்டிக்கோ. பாரம். புதுசா முங்குறவங்க கீழ போகாம மிதந்துட்டே இருப்பாங்க.”

“எவ்வளவு அக்கறைய்யா உனக்கு!” என்று வாங்கி மாட்டிக்கொண்டாள். “வா, உன் சட்டையை நான் மாட்டிவிடறேன்.”

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவள் எனக்கு ஒரு பொத்தான் போட்டதில்லை. அன்று வார்களை இழுத்து, கொக்கிகளை மாட்டி, பையைத் தட்டிக்கூடக் கொடுத்தாள். அவள் மாட்டியிருந்த முக்குளிப்புக் கண்ணாடிக்குள் ஈரம் மின்னியது. பாசம் என்று நினைத்தேன். பனி படியாமலிருக்கக் கண்ணாடிக்குள் எச்சில் துப்பித் தேய்த்த ஈரம் அது.

இறங்கினோம். தண்ணீருக்கடியில் மனைவியால் பேச முடியாது. இந்தத் தொழிலின் மேன்மையே அதுதான். மணல் தரையில் வெள்ளைக்காரர்களை வரிசையாக மண்டியிட வைத்தேன். கசில்தாவை நடுவில் நிறுத்தினேன். தட்டினேன்: டிங் டிங்.

வந்தன. முன்னால் என் பெரிய பெண் சுறா, பின்னால் மற்றவை. நேராகக் கசில்தாவை நோக்கிப் போயின. அவள் சந்தையில் நிற்பதுபோல் கைகட்டி நின்றாள். பெரியது வாளியை முகர்ந்தது. இன்னொரு முறை முகர்ந்தது. அழுகின மீனைக் கண்ட பணக்காரி மாதிரி மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பியது.

திரும்பி என்னைப் பார்த்தது.

முதலில் மேயர்தான் வந்தார். குகை போன்ற வாயைத் திறந்து என் இடுப்புப் பையைக் கவ்வி உறிஞ்சினார். பின்னால் ஒரு சுறா சட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. நான் முஷ்டியை ஓங்கினேன். அது ஏற்கெனவே பல முறை பார்த்த நாடகம்தான், மதிக்கவில்லை. விலாங்கு என் அக்குளுக்குள் புகுந்து கழுத்து வழியாக வெளியே வந்து என் முகத்துக்கு நேராக வாயைப் பிளந்தது. காலில் மாட்டியிருந்த துடுப்பு ஒன்று போயிற்று. ஈட்டி போயிற்று. பை போயிற்று. பையோடு சேர்ந்து கால்சட்டையின் பின்பாதியும் போயிற்று. மெதுவாக, மூச்சுவிட்டபடி மேலே ஏறவேண்டும் என்று ஊருக்கெல்லாம் உபதேசிக்கிறவன் நான். அன்று பாட்டிலிலிருந்து தெறித்த தக்கை மாதிரி மேலே போனேன்.

போகிறபோது கீழே பார்த்தேன். கசில்தா என் ஈட்டியை எடுத்து, கோழி விரட்டுகிற தோரணையில் சுறாக்களை விலக்கிக்கொண்டிருந்தாள். மண்டியிட்ட வெள்ளைக்காரர்கள் தண்ணீருக்குள்ளேயே கைதட்டினார்கள்.

அவள் படகில் ஏறியபோது நான் ஒரு துண்டால் மானத்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“என்னடி செஞ்ச?”

“வாராவாரம் உன் சட்டையைத் தொவைக்கிறது யாருய்யா? பையெல்லாம் செதில். அதை மோந்து பார்க்கச் சுறா மூக்கு வேணுமா? நேத்துதான் மொதல் தடவையாப் பை சுத்தமா இருந்துச்சு. அடடா, மனுசன் துண்டையெல்லாம் வாளிக்கு மாத்தி வச்சிருக்கானேன்னு நானும் திரும்பப் பைக்கே மாத்தி வச்சேன்.”

“அப்போ வாளியில என்ன இருந்துச்சு?”

அவள் இடுப்பிலிருந்து கழற்றி என் மடியில் வைத்து மூடியைத் திறந்தாள். ஒரு கல். கல்லோடு, உடைத்த தேங்காய் மூடிகள்.

“கரைக்குப் போற வரைக்கும் சும்மாதானே உட்கார்ந்திருப்ப?” என்று துருவியையும் நீட்டினாள். துருவியை அவள் கையோடு கொண்டுவந்திருந்தாள் ஐயா! அந்த நம்பிக்கைதான் என்னை இன்றைக்கும் அறுக்கிறது.

உல்பியானோ இன்ஜின் சத்தத்தை மீறிச் சிரித்தான்.

இப்போது ஞாயிறுதோறும் வெள்ளைக்காரர்கள் கசில்தாவைத்தான் கேட்கிறார்கள். கூட்டிப்போகிறாள். எனக்கு ஒரே ஆறுதல், அவள் என் தழும்பைக் காட்டிக்கொடுக்கவில்லை. பெரிய சுறாவைக் காட்டி, “என் வீட்டுக்காரரைக் கடிச்சது இதுதான். பாவம், ஒரு வாரம் அதுக்கு வயித்துவலி” என்கிறாளாம்.

நீங்கள் எங்கள் தீவுக்கு வந்தால் அவளோடு முங்குங்கள், சுறா பாருங்கள், தேங்காய் ரொட்டி தின்னுங்கள். ஆனால் உங்கள் பிள்ளைகள் மேல் ஆணை, இந்தக் கதையை யார் சொன்னது என்று மட்டும் வாய் திறக்காதீர்கள். ரொம்ப வற்புறுத்தினால் உல்பியானோ என்று சொல்லிவையுங்கள். இப்போது சற்றுத் தள்ளி உட்காருங்கள் ஐயா, தேங்காய்ப்பூ உங்கள் சட்டையில் விழுகிறது.