கம்பளத்தில் நான் துப்பாத வெற்றிலை

என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஆனால் எழுத்து கோணலாக நிற்பதற்குப் படிப்பு மட்டும் காரணமில்லை. கோபமும்தான். அந்தக் கம்பளத்தை நினைத்தால் இப்போதும் பேனா தாளைக் கிழிக்கிறது.

என் மனைவியின் அண்ணன் ராஜு தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமையல்காரன். பங்களாவில் வேலை பார்ப்பவனுக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒரு நம்பிக்கை. (அதைக் கிளப்பிவிட்டவனும் அவன்தான்.) எண்பதாம் ஆண்டு, என் தங்கைக்குப் பரிசம் போட வட்டகொடையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். துரையும் துரைசாணியும் கொழும்புக்குப் போயிருந்த நேரம்.

"பாயில ஒக்கார வச்சா நம்ம மரியாத என்னாகும் மச்சான்?" என்று கேட்டுவிட்டு, பங்களா ஹாலில் கிடந்த வெள்ளைக் கம்பளத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிட்டான் ராஜு.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்ததோடு சரி. (நான் கூச்சப்பட்டவன். காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கக் கங்காணி பெயர் கூப்பிட்டால் நான் சொல்லும் "ஆமாங்க" எனக்கே கேட்காது.)

பரிசம் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் கிளம்பும்வரை கம்பளத்தில் ஒரு பொட்டு அழுக்கில்லை. அவர்கள் போன பிறகு, மிஞ்சிய பருப்புக் கறிச் சட்டியோடு அதன் நட்டநடுவில் சம்மணம் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தவன் ராஜு. சட்டியைக் கவிழ்த்தவனும் ராஜு. இதை அடிக்கோடிட்டுப் படிக்கவும்.

பருப்பை வழித்து எடுத்தோம். மஞ்சள் கறை மட்டும் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு நின்றது. மறுநாள் சாயங்காலம் துரை வருகிறார். கறையைக் கண்டால் ராஜுவுக்கு வேலை இல்லை.

"அண்ணனுக்கு வேல போச்சுன்னா குடும்பத்தோட நம்ம காம்பிராவுக்குத்தான் வந்து சேரும், பாத்துக்குங்க" என்றாள் மனைவி. எங்கள் காம்பிராவே ஒரே அறைதான். நான் உடனே முட்டி போட்டேன்.

"சவக்காரத்தப் போட்டுத் தேய்ங்க மச்சான். பங்களாவுல அப்படித்தான்" என்றான் ராஜு, சுவரில் சாய்ந்துகொண்டு.

நுரை வரத் தேய்த்தேன். மஞ்சள் சிவப்பானது. நான் பதறிப்போய் என் முழங்காலைத் தடவிப் பார்த்தேன். (மழைக்காலத்தில் எங்களுக்குச் சிவப்பு என்றால் முதலில் அட்டைக்கடிதான் ஞாபகத்துக்கு வரும்.) அட்டைக்கு எங்கள் வைத்தியம் சுண்ணாம்பு. பக்கத்துக் காம்பிராவில் வாங்கி வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று காலிலும் பூசினேன், கம்பளத்திலும் பூசினேன். கம்பளம் குருதியாய்ச் சிவந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். "மஞ்சளோட சுண்ணாம்பு சேந்தா என்னாகும்னு தெரியாதா ஒங்களுக்கு? தொரசாணி கம்பளத்துல ஆலாத்தி கரைச்சு வச்சிருக்கீங்க."

தெரியும். எங்கள் கல்யாணத்தில் எனக்கே சுற்றினார்கள். பயத்தில் அது ஞாபகம் வரவில்லை.

அவள் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். சிவப்பு போய் மஞ்சள் வந்தது. காணாமல் போன பிள்ளை திரும்பி வந்ததுபோல மூவரும் அந்த மஞ்சளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம்.

"இப்பச் சவக்காரம் போட்டா முழுசாப் போயிரும்" என்றான் ராஜு.

போட்டேன். மறுபடியும் சிவப்பு. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. இரண்டாம் முறையும் கேட்டேன் பாருங்கள், என்னைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெயிலில் காயப்போட்டால் மஞ்சள் தானாகப் போய்விடும் என்றாள் பக்கத்துக் காம்பிரா அக்கா. ஆனி மாதத்தில் எங்கள் மலையில் வெயிலுக்கு எங்கே போவது? மறுநாள் முழுக்கக் கொடியில் தொங்கிய கம்பளம் மூடுபனியைக் குடித்துக் கனத்ததுதான் மிச்சம். அப்படியே ஈரத்தோடு கொண்டுபோய் ஹாலில் விரித்தான் ராஜு.

துரை வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் பங்களாக் காவல்காரர் வந்து என்னைக் கூட்டிப் போனார். துரையும் துரைசாணியும் சமையலறை வாசலில் நின்றார்கள். பின்னால் ராஜு, கூரையைப் பார்த்தபடி.

"நாங்க இல்லாத நேரம் வந்து கார்ப்பெட்ல வெத்தல துப்பினது நீதானா?" என்றார் துரை.

நான் வெற்றிலையே போடுவதில்லை. வாயைத் திறந்து வெள்ளைப் பல்லைக் காட்டியிருந்தால் போதும். அந்த வாய் திறந்தால்தானே.

"வாயத் தொறக்க மாட்டேங்கிறான் பாருங்க" என்றாள் துரைசாணி. "இன்னும் உள்ள வச்சிருக்கான் போல."

இனிமேல் பங்களாப் பக்கமே வரக் கூடாது என்று துரை விரட்டிவிட்டார். ராஜு பின்னாலேயே வந்தான். "கோவிச்சுக்காதீங்க மச்சான். ஒங்களுக்கு மலை வேலதானே, அது எங்க போகப் போவுது?"

வேலை போகவில்லை. பெயர் போனது. மறுநாளே கங்காணி, "வெத்தல வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலை பிரித்தார். அதன்பிறகு சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் நான் வெத்தலதான். என் தங்கை பிள்ளைகளுக்கு வெத்தல மாமா. விசேஷ வீடுகளில் ராஜு இந்தக் கதையைச் சொல்வான். அவன் கதையில் பருப்பே கிடையாது.

போன வாரம் தங்கை மகளுக்குக் காது குத்தினார்கள். என் முன்னால் வெற்றிலைத் தாம்பாளத்தை வைத்தவளிடம், "மாமாவுக்கு வைக்கிறதுன்னா மொதல்ல பாயச் சுருட்டு" என்றான் ராஜு. சபையே சிரித்தது. என் மனைவியும்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று வாயை நன்றாகத் திறந்து, சபைக்கு முன்னால் பல்லைக் காட்டினேன்.

"அட, வெத்தல இன்னிக்குப் பல்லு வெளக்கிட்டு வந்திருக்காரு" என்றான்.

இனிப் பேசிப் பலனில்லை என்றுதான் எழுதிவிட்டேன்.

1989, ஆவணி மாதம், இரண்டாம் ஞாயிறு.