லூர்து விட்ட கோல்

ராயபுரம்,
ஆகஸ்ட் 2003

நம்ம கிளப்பின் ஐம்பதாம் ஆண்டு மலர் ஆசிரியர் ஜெயவேல் தம்பி அவர்களுக்கு, கோல்கீப்பர் லூர்துவின் மனைவி சிலுவையம்மாள் எழுதுவது. மாதா புண்ணியத்தில் உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்கட்டும். நானும் சுகம் என்று எழுதுவது வழக்கம். அவரை அடக்கம் செய்த ஈரம் இன்னும் காயாததால் அதை எழுதவில்லை.

நம்ம பேட்டையின் விளையாட்டு வரலாற்றை எழுதி, அச்சுக்குப் போகுமுன் எல்லோரும் பார்க்கட்டுமென்று கிளப் சுவரில் ஒட்டியிருக்கிறீர்கள். பாக்சிங், கேரம், கபடி எல்லாம் இருக்கிறது, சந்தோஷம். ஆனால் கால்பந்தில், 'எழுபத்து மூன்றாம் ஆண்டு கோல்கீப்பர் லூர்துவின் கவனக்குறைவால் கோப்பையை இழந்தோம்' என்று இருப்பதாக என் மகள் கரோலின் படித்துவிட்டு வந்து சொன்னாள். அந்த வரியை எடுக்க வேண்டும் தம்பி. அது கவனக்குறைவே இல்லை. ஆட்டம் முடிகிற நேரம் கோயிலில் சாயங்கால ஜெப மணி அடித்தது. மணி அடித்தால் எங்கள் வீட்டில் சட்டியில் மீன் கருகினாலும் சிலுவை போட்டுவிட்டுத்தான் திருப்புவோம். இவர் கண்ணை மூடிச் சிலுவை போட்டார், பந்து போய்விட்டது. உதைத்தவனும் நம்ம கோயில் பங்கைச் சேர்ந்தவன்தான். பேர் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் பூசையில் முதல் பெஞ்சில் உட்காருகிறான்.

நேற்று நானே அந்த வரியைக் கிழிக்கப் போனேன். மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். நீங்களோ மைதா பசையைத் தாராளமாகப் பூசியிருக்கிறீர்கள். சுரண்டி, பிய்த்து, இடுப்பில் செருகிக்கொண்டு வந்தால், "இன்னாம்மா, கமால் அண்ணன் கேரம்ல ஜெயிச்சத கிழிச்சிகினு வந்துகீறே!" என்கிறாள் கரோலின். அதற்குள் கமாலே வாசலில் வந்து நிற்கிறார்.

"இன்னாக்கா, நான் மாங்கு மாங்குனு ஆடி வாங்குன கப்பு, ஒரே இழுப்புல பிச்சிட்டியே!"

"இந்தா, எடுத்துகினு போ. என் வூட்டுக்காரர் மானத்த யாரு ஒட்டித் தருவா?"

"அன்னிக்கி நானும் கிரவுண்டுல இருந்தேங்க்கா. சிலுவ போட ஒரு கைதான? இன்னொரு கை சும்மாதான இருந்துச்சி?"

இதே கேள்வியை முப்பது வருஷமாக நான் அவரிடம் கேட்டிருக்கிறேன். நான் கேட்கலாம் தம்பி, புத்தகம் கேட்கக் கூடாது. வரி போகாமல் மலர் வந்தால், வெளியிடுகிற அன்றைக்கு மேடையிலேயே வந்து உட்காருவேன், போலீஸ் வந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.

உங்கள் வீட்டம்மாவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லவும். மாதா உங்களுக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் தரட்டும்.

இப்படிக்கு,
லூ. சிலுவையம்மாள்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் அவருடைய தோஸ்து சாவியோ வந்தார். அவர் சுவரில் இருப்பதை ஒரு எழுத்து விடாமல் படித்தவர். "அண்ணி, கோல் போட்டவன் பேருதான் எல்லா எடத்துலயும் கீது. தடுத்தவன் பேரு எங்கியுமே இல்ல. லூர்து பேரு வர்றது அந்த ஒரு வரிலதான்" என்றார். அவர் போனதும் பேனாவைத் திரும்ப எடுத்தேன். தம்பி, வரியை எடுக்க வேண்டாம். கவனக்குறைவு என்றே இருக்கட்டும். பேரை மட்டும் கொட்டை எழுத்தில் போடுங்கள்.