சிறுத்தை மார்க்குக்கும் ராஜாளி மார்க்குக்கும் நடந்த தலைதீபாவளி யுத்தம்

உள்ளங்கைக்குள்ள அடங்குற ஒரு துப்பாக்கிக்காக விழுப்புரமும் திண்டிவனமும் மோதிக்கினு நின்ன கதை உங்களுக்குத் தெரியுமா? தெரியாதுன்னா உட்காருங்க. தெரியும்னாலும் உட்காருங்க, உங்களுக்குச் சொன்னவன் பாதியை விட்டிருப்பான்.

வாழ்க சீனுவாசன்! திண்டிவனம் பெற்ற தீரன், பம்புசெட்டுப் பிணி தீர்க்கும் பெருமருத்துவன், அஞ்சு குதிரை மோட்டாரை ஒத்தை ஆளாய்த் தோளில் ஏற்றிய திண்புயத்தான், பாம்பு கிடக்கும் பாழுங்கிணற்றில் பயமில்லாமல் இறங்கிய பொற்பாதத்தான், மாமியார் வீட்டுப் பந்தியில் மட்டும் ரெண்டாம் தடவை சாம்பார் கேட்க வாய் வராத வெட்கத்தான்! அவன் வலக்கை வாழ்க! அந்த வலக்கையின் ஆள்காட்டி விரல் ரெண்டு தடவை வாழ்க, ஏன்னா இந்தக் கதையே அதை நம்பித்தான் இருக்குது.

எண்பத்தாறாம் வருஷம், தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம், மழை வரலாமா வேணாமான்னு மேகம் யோசிச்சிக்கினு இருந்த நேரம், சீனுவாசன் தலைதீபாவளிக்காக விழுப்புரத்தில் வந்து இறங்கினான். ஆவணியில்தான் தாலி கட்டியிருந்தான். ஐப்பசி பொறந்ததும் பொண்டாட்டி அம்சாவைத் தாய்வீட்டுக்கு அனுப்பிட்டு, பதினோரு நாளா ஆளில்லாத பாயைப் பார்த்துக்கினு படுத்தவன். கையில டிரங்குப் பெட்டி, பெட்டிக்குள்ள பட்டு வேட்டி, வேட்டி மடிப்புக்குள்ள ஆயுதம்.

மாமியார் வீடுங்குற அந்தக் கோட்டையை ஆண்டவன் அம்சாவோட அண்ணன் முருகையன். மூணு காணி வேர்க்கடலை வெளையுற மல்லாட்டைக் காட்டுக்கு முடிசூடா மன்னன், மீசைக்குத் தினமும் ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் கப்பம் கட்டுபவன், தங்கச்சின்னா உயிரையே விடுபவன். சாப்பாட்டு இலையில் வடை விழுந்த அதே நிமிஷம் அவன் வாயிலிருந்து இடி விழுந்தது.

"கார்த்திகை தீபம் முடிஞ்சிதான் தங்கச்சிய அனுப்புவோம், மாப்ள. எங்க வீட்டு வழக்கம் அது."

கார்த்திகை தீபம்! முழுசா ஒன்றரை மாசம்! வடை சீனுவாசன் தொண்டையில் தேர்ச்சக்கரம் போல நின்னுது. 'முடியாது மச்சான், வீடு வீடா இல்ல, நாளைக்கு மறுநாளே அவ எங்கூட வரணும்'னு சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனா மாமியார் எதிரில், மாமனார் எதிரில், வடை எதிரில், அந்த வாய் சொன்னது இதைத்தான்:

"எங்கிட்ட சிறுத்தை மார்க் புதுத் துப்பாக்கி ஒண்ணு இருக்குது. பாக்குறீங்களா?"

"துப்பாக்கியா?" மீசை ரெண்டும் நிமிர்ந்துது. முருகையன் கை கழுவாமலே எழுந்தான், பீரோவைத் திறந்தான், தன்னுடைய புது ராஜாளி மார்க் துப்பாக்கியை எடுத்துக்கினு வந்து சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் வெச்சான். முப்பது வயசு ஆம்பளைங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாம தீபாவளிக்குக் கேப்புத் துப்பாக்கி வாங்கி ஒளிச்சி வெச்சிருந்த ரகசியம் அந்தக் கணத்தில் உலகுக்கு வெளிப்பட்டுது.

"விடியட்டும்!" என்று முழங்கினான் முருகையன். "உன் சிறுத்தை என் ராஜாளிய ஜெயிச்சிட்டா, நாளான்னிக்கே உன் பொண்டாட்டிய இட்டுக்கினு போ. தோத்துட்டா கார்த்திகை வரைக்கும் மூச்சு உடக்கூடாது!"

அடுப்பில் அதிரசம் திருப்பிக்கினு இருந்த அம்சாவை யாரும் கேட்கலை. அவ ஒரு தடவை திரும்பிப் பார்த்தா. எண்ணெய் மட்டும் சொர்ருன்னுது.

விடிஞ்சுது. எண்ணெய் தேய்ச்சிக் குளிச்சி, சீயக்காய் மணக்க, மஞ்சள் தடவின புதுத்துணி மினுக்க, இரு பெரும் வேந்தரும் தெருக்களத்தில் எதிரெதிர் நின்றார்கள். ஆயுதங்களைக் கேளுங்க. சிறுத்தை மார்க், கருங்குவளை நிறத்தது, வெண்சங்குப் பிடியினது, இட்லிக்கு நிகரான எடையினது, விசையை விரலால் நெனைச்சாலே சுடுவது. ராஜாளி மார்க், வெள்ளிமலை மினுக்கினது, கழுத்தில் இறக்கை பொறித்தது, விசை இழுக்க ஆட்டுக்கல் சுத்துற பலம் கேட்பது, ஆனா இழுத்துட்டா தெருமுனை வரைக்கும் கேட்பது. ரெண்டு கம்பெனிக்காரனும் அட்டைப்பெட்டி மேல ஒரே பொய்யை எழுதியிருந்தான்: 'இடுப்பில் இருப்பது எதிரிக்கும் தெரியாது.'

நடுவர் எதிர்வீட்டுச் சவுரிராயன். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக முப்பது வருஷம் கொடி காட்டி ரிட்டயர் ஆனவர். வீட்டுக்கு வந்த பிறகும் பச்சைக்கொடியையும் சிவப்புக்கொடியையும் பிரியாதவர். அவர் திருவாய் மலர்ந்தார்:

"தெருசனங்களே, கேட்டுக்குங்க! பச்சை நான் காட்டணும். காட்டாம எவன் சுட்டாலும் அது வெடிச்சதா அர்த்தமில்ல. மாதா மேல ஆணையா நான் ரெண்டு பக்கமும் சாயமாட்டேன். ஆனா முருகையா, அதிரசம் எங்க வீட்டுக்கு இன்னும் வரல."

முதல் போர், மறைப்புப் போர். ஆயுதத்தை உடம்பில் ஒளிச்சிக்கினு குழாயடி வரைக்கும் போய்த் திரும்பணும், இருப்பிடம் நடுவர் கண்ணுக்குத் தெரியக்கூடாது. முருகையன் ராஜாளியைப் புதுச்சட்டைப் பையில் போட்டுக்கினு, போருக்குப் புறப்பட்ட பட்டத்து யானை மாதிரி நடந்தான். டெரிலின் சட்டை கண்ணாடி மாதிரி இருந்துது. துப்பாக்கி மட்டுமில்ல, இறக்கையில் எத்தனை இறகுன்னு கூட எண்ணலாம். சீனுவாசன் சிறுத்தையைப் பட்டு வேட்டி இடுப்பில் செருகினான். பட்டு வழவழ, புதுசு மொடமொட. குழாயடி தாண்டும்போது சிறுத்தை குகையை விட்டு இறங்கத் தொடங்கியது, தொடை கடந்தது, முழங்கால் கடந்தது, தெருவே பார்க்க அவன் பொற்பாதத்தில் 'ணங்'குன்னு விழுந்தது. வலியை வெளிய காட்டாத வீரன் ஒத்தைக் காலில் கொக்கு போலத் திரும்பி வந்தான்.

"ஒண்ணு கண்ணுல தெரியுது, ஒண்ணு காலுல உழுது," என்றார் சவுரிராயன். "ரெண்டும் தள்ளுபடி!"

இரண்டாம் போர், வெடிப்போர். ஆளுக்குப் பத்துக் குண்டு. எவன் துப்பாக்கி அதிகம் வெடிக்குதோ அவன் ஜெயிச்சான்.

சீனுவாசன் குண்டு எடுக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தான். ஊரில் கிளம்பும்போது அம்மா அஞ்சம்மாளிடம் அவசரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தான், 'பெட்டியில கேப்பு ஒரு டப்பா வெச்சிடும்மா'ன்னு. வெச்சிருந்தாங்க. கனமான டப்பா. அம்பறாத்தூணியில் கை விடும் வில்லாளி போல மூடியைத் திறந்து கையை விட்டான். வந்தது ஒரு பிடி கேப்பை. சுத்தமா புடைச்ச, கல்லு பொறுக்கின, செவசெவன்னு மின்னுற சொந்தக் காட்டுக் கேப்பை!

தெருவே கொல்லுன்னு சிரிச்சுது.

"மாப்ள!" முருகையன் வயித்தைப் பிடிச்சிக்கினான். "எங்கள சுடப் போறியா, இல்ல கூழு காச்சி ஊத்தப் போறியா?"

பாவம் அஞ்சம்மாள். புள்ள மாமியார் வீட்டுக்கு நம்ம வெளைச்சலைக் கொண்டு போறான், எவ்வளவு நல்ல புத்தின்னு அவங்க டப்பாவை ரெண்டு தடவை குலுக்கி நிரப்பியிருந்தாங்க.

ஆனாலும் முருகையன் அறப்போர் மறவன். வெறுங்கையோட நின்னவனை ஜெயிச்சா மீசைக்கு இழுக்குன்னு, தன் கேப்புச் சுருளில் பாதியைத் தூக்கிப் போட்டான். அங்கே இன்னொரு சூழ்ச்சி காத்திருந்தது. ராஜாளி கம்பெனிக்காரன் சுருளை அகலமா சுத்துறான், சிறுத்தை கம்பெனிக்காரன் சுருள் போற வழியை ஒல்லியா வெக்கிறான். தன் துப்பாக்கி வாங்கினவன் தன் கேப்பைத் தவிர வேற தொடக்கூடாதுன்னு ரெண்டு பேருக்கும் ஒரே நல்லெண்ணம். சுருள் உள்ளே போகலை.

அம்சா முந்தானையில் கையைத் துடைச்சிக்கினு வந்தா. பிளேடு எடுத்தா, வாசலில் உட்கார்ந்தா, மருந்துப் பொட்டில் படாம சுருளின் ஓரத்தை நூல் பிடிச்ச மாதிரி சீவினா. சீவின சுருளைப் புருஷன் கையில வெக்கும்போது, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டா:

"ஏங்க, என்னை ஒரு வார்த்த கேட்டா ஆவாதா?"

"எதை?"

"ஒண்ணுமில்ல. சுடுங்க, போங்க."

பச்சைக்கொடி அசைஞ்சுது. அடடா, அந்தப் போரை என்னன்னு சொல்றது! ராஜாளி உறுமியது, சிறுத்தை சீறியது, கந்தகப் புகை கார்முகிலாகி ஓட்டுக்கூரை தொட்டது, நாய்கள் நாலு திசைக்கும் ஓடின, சேவல் ஒண்ணு பக்கத்து வீட்டுச் சுவரேறிக் குதிச்சு அன்னிக்குப் பூரா வரலை. ராஜாளிக்கு ரெண்டாவது குண்டிலேயே சுருள் சிக்கி, கேப்புத்தாள் நாக்கு தள்ளின மாதிரி வெளிய தொங்கியது. முருகையன் கடிச்சி இழுத்தான். சிறுத்தைக்கு விசை இளகல், அதனால சுட நெனைக்காதப்ப வெடிச்சது, நெனைச்சப்ப 'சிக்'குன்னுது. கொடிக்கு முன்னாடி வெடிச்ச மூணைச் சவுரிராயன் இரக்கமில்லாமல் தள்ளினார். ஆளுக்கு ஒன்பது முடிஞ்சப்போ நாலுக்கு நாலு, சமம்.

கடைசி குண்டு. ஒன்றரை மாசம் ஒரு பொட்டு மருந்தில் தொங்கிக்கினு நின்னுது. சீனுவாசன் கண்ணை மூடினான். அப்பதான் மேகத்துக்கு யோசனை முடிஞ்சுது. தூறல். ரெண்டு விசையும் ஒண்ணா இழுபட்டுது. ரெண்டு துப்பாக்கியும் ஒண்ணா ஒரு சத்தம் போட்டுது.

"உன்னுது டொப்புன்னுச்சி," என்றான் முருகையன்.

"டொப்புன்னா வெடிதான் மச்சான்."

"டொப்பு வெடியில்ல, பொட்டி மூடுற சத்தம். என்னுதுதான் டப்புன்னுச்சி."

"உங்களுது டப்புன்னா என்னுதும் டப்பு!"

டொப்பா டப்பாங்குற மாபெரும் வழக்கில் தெரு ரெண்டாப் பிளந்துது. குழாயடி பக்கம் டொப்பு, கோயில் பக்கம் டப்பு. சவுரிராயன் ரெண்டு கொடியையும் ஒண்ணா தூக்கிட்டார். சர்வீஸ்ல அப்படித் தூக்கியிருந்தா வேலையே போயிருக்கும்.

அம்சா எழுந்தா. மிச்சமிருந்த கேப்பு அத்தனையும், சீவினது சீவாதது, முருகையன் பீரோவில் ஒளிச்ச நாலு டப்பாவும் சேர்த்து, வாசல் படிக்கல்லு மேல கோபுரமா குவிச்சா. உள்ளே போய் அம்மிக்குழவியைத் தூக்கிக்கினு வந்தா. எல்லாரையும் தள்ளி நிக்கச் சொன்னா. கொடி கேட்கலை.

ஓங்கி ஒரு போடு!

அந்த ஓசையில் ஓடு குலுங்கியது, தூறல் திகைத்தது, ஜங்ஷனில் நின்ன பாசஞ்சர் வண்டியின் கார்டு தண்டவாளத்துல வெக்கிற சிக்னல் வெடிதான் வெடிச்சிதோன்னு எட்டிப் பார்த்தார். புகை விலகினப்போ இரு பெரும் வேந்தரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சிக்கினு நின்னாங்க.

"கார்த்திகைக்கு மொத நாளு நானே வர்றேண்ணா," என்றாள் அம்சா. "நாளைக்கு எங்க வீட்டுக்குப் போறேன். இதுக்கு மேல டொப்புன்னீங்க, டப்புன்னீங்க, குழவி இன்னும் எங்கையிலதான் இருக்குது. உள்ள வாங்க, ரெண்டு பேரும் இன்னும் இட்லி துன்னல."

முருகையன் மீசை, மழையில் நனைஞ்ச கொடி போல மெல்ல மெல்லத் தாழ்ந்தது. "தங்கச்சியே போறேன்னா..." என்றான், மிச்சத்தை முழுங்கிட்டான். சவுரிராயன் பச்சையை மட்டும் உயர்த்தினார். சீனுவாசன், வென்றவனா தோற்றவனா எனத் தனக்கே விளங்காத அந்த மாவீரன், அன்னிக்கு இலையில் உட்கார்ந்து, மூவுலகும் கேட்க, முழுக்குரல் எடுத்து, ரெண்டாம் தடவை சாம்பார் கேட்டான்.

மறுநாள் காலையில் எட்டரை மணி பஸ்ஸில் உட்கார இடமில்லாமல் ரெண்டு பேரும் நின்னுக்கினே திண்டிவனம் போனாங்க.