மார்கழிக் காற்றும் இரண்டு அங்குலமும்

மார்கழி விடியற்காலைக் காற்று உடம்புக்கு நல்லது என்று சொல்பவர்கள் எல்லாரும் அதைக் கம்பளிக்குள் இருந்துகொண்டே சொல்கிறார்கள். பல வருஷங்களாகக் கவனித்து வருகிறேன். விதிவிலக்கு ஒருவர்கூட அகப்படவில்லை. என் மச்சான் சபாபதியும் அப்படித்தான். குரங்குக் குல்லா, மப்ளர், அதற்குமேல் அவர் அப்பாவின் கோட்டு. (மனைவியின் அண்ணன் என்பதால் 'அவர்' என்று எழுதுகிறேன். மனத்துக்குள் அந்த மரியாதை கிடையாது.)

ஐம்பதுகளின் தொடக்கம். செங்கல்பட்டில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் தற்காலிகக் குமாஸ்தா. வேலை நிரந்தரமாக வேண்டுமானால் டாக்டரின் உடல்தகுதிச் சான்று வேண்டும். மூச்சை இழுத்தால் மார்பு இரண்டு அங்குலமாவது விரிய வேண்டுமாம். (கோப்புகளை மார்பாலா தூக்கப்போகிறேன்?) வீட்டில் அளந்து பார்த்தோம். ஒன்றேகால். சான்று இல்லாவிட்டால் வேலை போய்விடும். சர்க்கார் மாப்பிள்ளை என்று நம்பி மாமனார் எனக்குப் பெண் கொடுத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

"இன்னா மாப்ள, இதுக்கா மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீறே?" என்றார் சபாபதி. கூடுவாஞ்சேரியிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். "காலங்காத்தால ஏரிக்கரைல சட்டைய கய்ட்டிட்டு நில்லு. மார்கழி காத்த நல்லா உள்ள இழு. நாலே நாள்ல பயில்வான் மாரி ஆயிடுவ."

"எனக்குப் பனி ஒத்துக்காது மச்சான்."

"வூட்டுக்குள்ளயே அடஞ்சி கெடந்தா நெஞ்சு எப்டி விரியும்? நான் கூட வரேன், வா."

கூட வந்தார். அதுதான் வினை.

ஏரி எது, கரை எது என்று தெரியாத பனி. வெற்று மார்புடன் கிழக்கே பார்த்து நின்று, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, மூச்சை இழுத்துப் பிடித்தேன். "வுடாத, வுடாத" என்று கோட்டுப் பைக்குள் கைவைத்தபடி ஊக்கம் கொடுத்தார் சபாபதி. அந்த நேரம் பார்த்து ஜால்ராச் சத்தத்துடன் பஜனைக் கோஷ்டி கரைமேல் வந்தது. மார்கழியில் விடியுமுன் வெற்று மார்போடு கைதூக்கி நிற்பவனை எங்கள் ஊர் ஒரே விதமாகத்தான் புரிந்துகொள்ளும். பாட்டு நின்றது.

"இன்னா வேண்டுதலுங்க?" என்று கேட்டார் ஜால்ராக்காரர்.

என்னால் பேச முடியவில்லை. மூச்சு உள்ளே இருந்தது. அதை விட்டால் இருக்கிற ஒன்றேகாலும் போய்விடும் என்று பயம். சபாபதி முந்திக்கொண்டார். தங்கை புருஷனுக்கு மார்பு போதவில்லை என்று ஊருக்குச் சொல்ல அவருக்கு வெட்கம்.

"ஆமாங்க, வேண்டுதல்தான். உத்தியோகம் நெலைக்கணும்னு."

"தலையே நனையலியே?" என்றாள் பூக்கூடையோடு வந்த அம்மாள். "முழுகாம இன்னா வேண்டுதல்? பலிக்காது நைனா."

"அவுருக்குக் கூச்சம்," என்றார் சபாபதி. "நீங்கதான் கொஞ்சம் இட்டுகினு போவணும்."

(இந்த ஒரு வாக்கியத்துக்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.)

இரண்டு பேர் என் கைகளைப் பக்தியோடு பிடித்தார்கள். மூன்று முழுக்கு. நான் அவ்வளவு பத்திரமாகப் பிடித்து வைத்திருந்த காற்று, முதல் முழுக்கிலேயே குமிழி குமிழியாக ஏரியோடு போயிற்று. மேலே வந்து "ஐயோ" என்று அலறினேன். அவர்கள் "கோவிந்தா" என்று முடித்தார்கள். கரையில் சபாபதியும் கைகூப்பி நின்றார். குல்லாவைக்கூடக் கழற்றவில்லை.

அந்த வாரமே பரிசோதனை. டாக்டர் என் மார்பைச் சுற்றி டேப்பைப் பிடித்து, "மூச்ச இழுங்க" என்றார். இழுத்தேன், இருமல் வந்தது. மறுபடி இழுத்தேன், தும்மலில் டேப் அவர் கையைவிட்டே போய்விட்டது. "மூணு மாசம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் பனில அலையாதீங்க," என்றார். அலுவலகத்தில், அதுவே கடைசித் தவணை என்றார்கள்.

பங்குனி வெயிலில் மறுபடி போனேன். வேண்டாம் என்றாலும் சபாபதி கூடவே வந்து வராந்தாவில் உட்கார்ந்துகொண்டார். முதல் அளவு, அதே ஒன்றேகால். "இன்னொரு தடவை பார்க்கலாம்," என்றார் டாக்டர், நம்பிக்கையில்லாமல். என் கண்முன் மாமனார் முகம் வந்து நின்றது. அப்போது வராந்தாவிலிருந்து, யாரிடமோ பேசும் சபாபதியின் குரல் கேட்டது.

"நம்ம மாப்ளதாங்க. நோஞ்சானா கெடந்தாரு. நாந்தான் மார்கழி காத்துல நிக்க வெச்சி ஆளாக்குனேன். ஒரு நன்றி சொல்லத்தான் அவுருக்கு வாய் வரல."

எனக்குள் ஏதோ குபுகுபுவென்று ஏறியது. அது ஏரிக்கரைக் காற்றல்ல. டாக்டர் குனிந்து டேப்பைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ரெண்டேகால்! அப்படியே இருங்க, எழுதிக்கறேன்."

வேலை நிலைத்தது. எல்லாம் காற்று வைத்தியம் என்று சபாபதி இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறார். முழுக்கின் பலன் என்று பஜனைக் கோஷ்டி சொல்கிறது. உண்மை தெரிந்தவள் என் மனைவி ஒருத்திதான். வீட்டில் நான் கோபமாகக் குரலை உயர்த்தினால் அவள் எதிர்த்துப் பேசுவதில்லை. தையல் மிஷின் இழுப்பறையிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். "அப்படியே இருங்க," என்கிறாள்.

போன வாரம் சபாபதி வந்திருந்தார். இரண்டரை.