துட்டி வீட்டுக்குப் போன பலூன்

கோடிங் தெரியாதவர்கள்கூட ஒரே நாளில் ஆப் செய்துவிடலாம் என்று விளம்பரம் செய்கிறார்களே, அவர்களில் ஒருவராவது என் கையில் சிக்கினால் சும்மா விடமாட்டேன். எனக்குக் கோடிங் தெரியாது. ஒரே நாளில் ஆப்பும் செய்தேன். ஆனால் அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் நான்தான் காரணம் என்று எங்கள் வீட்டில் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

என் மாமனாருக்குப் பாளையங்கோட்டையில் பந்தல், நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடும் கடை. நல்லதுக்கும் கெட்டதுக்கும் அவரையே கூப்பிடும் வீடுகளை வைத்துத்தான் அந்தக் கடை ஓடுகிறது. கல்யாணமாகி வந்த புதிதில், எல்லா ஆர்டரையும் அவர் மனதிலேயே வைத்திருப்பதைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. (எம்.பி.ஏ. படிச்ச மருமக சும்மா இருப்பாளா?) கட்டங்களை இழுத்து இழுத்து வைத்தால் தானே ஆப் ஆகிவிடும் ஒரு மென்பொருளைப் பிடித்தேன். பெயர், போன் நம்பர், சாமான், விசேஷம் என்று கட்டங்கள் போட்டு மாமாவிடம் காட்டினேன். விசேஷம் என்ற கட்டத்தைத் தொட்டால் கல்யாணம், சடங்கு, பிறந்தநாள், துட்டி என்று விரியும். துட்டி என்றால் எங்கள் பக்கத்தில் சாவு.

கடைசி வார்த்தையைப் பார்த்ததும் மாமா போனைத் தள்ளி வைத்தார்.

“ஏம்மா, சாமி படத்துக்குக் கீழ இருக்கிற போன்ல போயி இதையா எழுதுவ? எடுத்துரு.”

“அப்ப அந்த மாதிரி ஆர்டர் வந்தா என்ன மாமா போடணும்?”

“ஒண்ணும் போடாத. அத யாரும் எழுத மாட்டாவ. சும்மா விட்டுரு.”

எடுத்துவிட்டேன். துட்டி என்றால் அந்தக் கட்டம் காலி. மூன்று மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. மாமாவே ஆப்பைத் திறந்து பார்க்க ஆரம்பித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதுதான் அந்த மின்னஞ்சல் வந்தது. புதிய வசதிகளாம். நீங்கள் காலியாக விட்ட கட்டங்களைச் செயற்கை நுண்ணறிவு தானே நிரப்புமாம். வாடிக்கையாளருக்குப் பொருத்தமான வாழ்த்தையும் தானே அனுப்புமாம். உங்கள் வசதிக்காக இவை ஏற்கெனவே இயக்கப்பட்டுவிட்டன என்று கடைசியில் பொடி எழுத்தில் ஒரு வரி. யார் கேட்டார்கள்? என் வீட்டுக்குள் புகுந்து, என்னைக் கேட்காமல் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, உங்கள் வசதிக்காக என்று சொன்னால் என்ன அர்த்தம்? அந்த வரியை நான் படிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மறுநாள் காலையில் வண்ணாரப்பேட்டை ரைஸ்மில் வீட்டுப் பெரியவர் காலமானார். தொண்ணூறைத் தாண்டியவர். அவர் மகன் சண்முகம் அண்ணாச்சி போன் செய்ததும் மாமாவே பந்தல் போட ஆட்களோடு கிளம்பினார். பந்தல், நாற்காலி, தண்ணீர் கேன், ஒரு நாள் வாடகை என்று நான் ஆப்பில் பதிந்துவிட்டு, விசேஷத்தைக் காலியாக விட்டேன். பந்தல், நாற்காலி, ஒரே நாள், சமையல் பாத்திரம் இல்லை. அந்த அதிமேதாவி யோசித்துப் பார்த்துப் பிறந்தநாள் என்று நிரப்பிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் மாமாவிடமிருந்து போன்.

“ஏம்மா, நம்ம கடையில இருந்து இங்கன பாட்டு ஏதும் அனுப்புனியா?”

நடந்தது இதுதான். பெரியவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்துவர மகன்கள் ஆற்றுக்குப் போயிருந்தார்கள். அண்ணாச்சியின் போனை அவர் மச்சினன் வைத்துக்கொண்டு சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் கடைப் பெயரில் வந்த வீடியோவை, பந்தல் விஷயமாக்கும் என்று தொட்டிருக்கிறார். பலூன் பறக்க, பிறந்தநாள் பாட்டு முழுச் சத்தத்தில் பாடியிருக்கிறது. ‘இன்றைய நாயகனுக்கு வாழ்த்துகள்! அடுத்த வருடமும் இதே நாளில் எங்களையே அழையுங்கள்!’

ஆப் வாழ்த்து அனுப்புவதை நிறுத்தப் பார்த்தேன். நிறுத்தும் பொத்தான் உயர் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்றது. உதவி கேட்டால் ஒரு பொம்மை வந்து, ‘இன்றைய நாள் உங்களுக்கு எப்படிப் போகிறது?’ என்று விசாரித்தது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் பறந்தேன்.

அங்கே மாமா சண்முகம் அண்ணாச்சி முன்னால் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். யாரிடமும் தலை குனியாத மனிதர். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. “அண்ணாச்சி, அது மிஷின் தானா செஞ்சது” என்று ஆரம்பித்தேன். அண்ணாச்சியின் கையிலிருந்த போன் மறுபடி சத்தம் போட்டது. அவர் நிதானமாகப் படித்தார்.

“நம்ம விழா எப்படி இருந்துச்சுன்னு நட்சத்திரம் போடணுமாம் வே.”

யாரோ துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. “சரி, நீங்க போங்க” என்றார். துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் பதறிப்போய், மரியாதையாக, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்: “போயிட்டு வாரேன் அண்ணாச்சி.”

(இதுக்கு எந்த ஆப்பும் காரணமில்ல.)

பதினாறாம் நாள் அந்த வீட்டு வாசலில் வேறு கடைப் பந்தல் நின்றது. பஸ்ஸில் போகும்போது மாமா பார்த்துவிட்டு வந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அந்த வருடம் முழுக்க அந்தத் தெருவிலிருந்தே ஒரு போன் வரவில்லை.

முதல் திவசத்துக்கு முந்தின நாள் சண்முகம் அண்ணாச்சியிடமிருந்து போன் வந்தது. மாமா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

“நாளைக்கு அப்பாவுக்குத் திவசம். பந்தல் போடணும்.”

“நம்மளையா கூப்பிடுதிய?” என்றார் மாமா.

“ஒங்க மருமகதான அடுத்த வருசமும் இதே நாள்ல கூப்பிடுங்கன்னு சொல்லிச்சு. போயிட்டு வாரேன்னு வேற சொல்லிட்டுப் போச்சு. வரச் சொல்லும்.”

இப்போது வருடா வருடம் அந்தத் திவசத்துக்கு நான்தான் பந்தலோடு போகிறேன். கிளம்பும்போது என் கணவர் தவறாமல் கேட்பார்: “ஏட்டி, பலூன் எடுத்துக்கிட்டியா?”

அது போகட்டும். அந்த முதல் திவச ஆர்டரைப் பதிந்ததும் ஆப் எனக்குக் கைதட்டியது. ‘வாழ்த்துச் செய்தியால் திரும்பி வந்த வாடிக்கையாளர்: ஒருவர்’ என்று பச்சை நிறத்தில் காட்டியது. பொய். அவரைத் திரும்பக் கூட்டி வந்தது நான் சொன்ன ‘போயிட்டு வாரேன்’. அந்தப் பெருமையை எவனுக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.