ஆறு கால் உள்ள ஈ

ஆகஸ்டு 17, ஞாயிறு
காலை மணி 10.20

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. என் வலது காது நீங்கலாக நானும் உங்கள் அத்தையும் சுகம். அங்கு நீங்களும் என் மகளும் அவ்வாறே இருப்பீர்களென நம்புகிறேன்.

கடந்த மார்ச்சு 9, ஞாயிறு பிற்பகல், "நாளெல்லாம் தண்ணியில நின்னு, பிடிச்ச மீனையும் திருப்பி விட்டுட்டு வர்றவர என்னன்னு சொல்றது?" என்று உங்கள் பெற்றோர் முன்னிலையில் நான் கேட்டதும், நீங்கள் பதில் பேசாமல் எழுந்து போனதும், உங்கள் தூண்டில் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டதும், இந்த ஐந்து மாதம் எட்டு நாட்களில் மகள் மட்டுமே மூன்று முறை வந்து போனதும் நாம் அறிந்ததே.

அதில் அப்படி என்னதான் இருக்கிறதென அறிய, ஏப்ரல் 2 அன்று உங்கள் அனுமதியின்றி அதைக் கையில் எடுத்தேன். மொட்டைமாடியில் முதல் வீச்சுக்குப் பக்கத்து வீட்டுச் சட்டை கொடியோடு வந்தது. நான்காவது வீச்சுக்கு என் காது. முள்ளை எடுத்த கம்பவுண்டர், "யாரு சார் உங்களப் பிடிச்சது?" என்றார். "அவரே அவரப் பிடிச்சுக்கிட்டார்" என்றாள் உங்கள் அத்தை. பின்னர் மீனை ஏமாற்றும் பொய் ஈயையும் நானே கட்டத் துணிந்தேன். நாற்பது ஆண்டுகள் நில வரைபடம் போட்ட கைக்கு அரைகுறை வேலை ஆகாது. செத்த ஈ ஒன்றைப் பூதக்கண்ணாடியில் அளந்து, முள்ளின் மேல் தையல் நூலால் ஆறு கால், இரண்டு சிறகு, மூன்று பூச்சு வார்னிஷ் எனப் பதினொரு நாள் உழைத்தேன். "ஈ ஓட்டுற ஆம்பளைங்களப் பாத்திருக்கேன், உக்காந்து ஈ கட்டுற ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் அத்தை.

மே 20, செவ்வாயன்று ஆற்றில் வீசினேன். மிதக்க வேண்டிய ஈ கல்லாய் மூழ்கியது. அருகில் தூண்டிலோடு நின்ற கோழிக்கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, மீனு கால எண்ணிப் பாத்தா கடிக்குது?" என்றார். ஒரு சேவல் இறகை முள்ளில் சுற்றி அவர் கட்டியிருந்தது எந்தப் பூச்சியின் சாயலிலும் இல்லை. இரண்டாவது வீச்சில் மீன் வந்தது. கையை நனைத்துக்கொண்டு, அதை அலுங்காமல் தண்ணீரிலேயே விட்டார். ஏனென்று கேட்டேன். "வாரத்துல ஆறு நாள் வெட்டுறேன். ஒரு நாளாவது விட்டுப் பாக்க வேணாமா?" என்றார்.

மார்ச்சு 9 அன்று நான் கேட்ட கேள்விக்கு உங்கள் பதில் என்னவென்று அன்றே நான் காத்திருந்து கேட்டிருக்கலாம்.

அதன்பின் பன்னிரண்டு ஞாயிறுகள் போயும் ஒரு மீன்கூட என்னை மதிக்கவில்லை. ஆகவே இன்றோடு இதைக் கைவிடுகிறேன். நேரில் தர முகமில்லாததால் தூண்டில் நாளை பார்சலில் வரும்.

இருவரும் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: மணி 10.55. பார்சல் கட்டக் கயிறு தர உங்கள் அத்தை மறுத்துவிட்டாள். மேலும், ஆற்றில் இறங்கி நிற்பதற்கான ரப்பர் பூட்ஸ் இரண்டு ஜோடி, இம்மாதம் 14, வியாழனன்றே வாங்கிவிட்டதை மேலே மறைத்துவிட்டேன். ஒன்று உங்களுக்கு. அளவை மகளிடம் தொலைபேசியில் கேட்டேன். "ஒம்போதுப்பா" என்றாள். பிறகு, "எந்த ஞாயித்துக்கிழமை?" என்றாள். 24 என்று சொல்லியிருக்கிறேன். தங்களைக் கேட்காமல் தேதி குறித்ததற்கு மன்னிக்கவும். அதற்கு மட்டுமல்ல.